சினை ஊசிக் கேனுக்குள் விழுந்த செப்புப் பொடி

1. வராந்தாவில் மாடு

கெமிஸ்ட்ரி லேப் வராந்தாவில் ஒரு செவலைப் பசு நின்று கத்திக்கொண்டிருந்தது. நான் அந்த லேபின் அட்டெண்டர். ஆசிட் கொட்டினால் என்ன செய்ய வேண்டும், தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். மாடு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒட்டவில்லை.

கயிற்றைப் பிடித்திருந்த அம்மாவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பக்கத்து ஊர்க்காரர், பெயர் ராக்கம்மா என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஊசி போடுற தம்பி இங்கனதான இருக்காரு?"

"இது காலேஜும்மா."

"தெரியுது, வாசல்ல போர்டு போட்டுருக்கு. கேன் இங்கன இருக்கா இல்லையா, அத மொதல்ல சொல்லு."

"இருக்கு. ஆனா..."

"இருக்குல்ல, பெறகென்ன. காலையில இருந்து மாடு கத்துது. பொழுது சாயுறதுக்குள்ள ஊசி போட்டாத்தான் சினை நிக்கும். தள்ளு."

அவர் கேட்டது, காளை விந்து அடைத்த சினை ஊசிக் குச்சிகளைக் குளிரில் வைத்திருக்கும் கேன். அது லேபுக்குள்தான் இருந்தது. அதன் அடியில், நூருல் என்கிற பிள்ளையின் ஆறு வருட ஆராய்ச்சி ஒரு விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் விழுந்து கிடந்தது. அவளும், அவளுடைய பேராசிரியரும், கேனுக்குச் சொந்தக்காரரும், சென்னையிலிருந்து வந்த எக்ஸ்பெர்ட் ஒருவரும் தலையோடு தலை முட்ட அந்தக் கேனின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலைமைக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்கிறேன். லேப் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு எங்கேயாவது உதவும்.

2. கடல் ஒத்துக்கொள்ளாதவன்

என் பெயர் சந்தியாகு. ராமேஸ்வரம் தீவில் மீன்பிடிக் குடும்பம். அய்யாவும் அண்ணன் தம்பிகளும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தால் வாந்தி வரும். அய்யா சொல்வார், "ஏலே, ஒன்னயக் கூட்டிட்டுப் போனா மீனுக்கு எர தனியா வாங்க வேணாம்."

ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு, பங்குச் சாமியார் சொன்ன இடத்தில் விண்ணப்பம் போட்டேன். ராமநாதபுரத்திலிருந்து முதுகுளத்தூர் போகும் ரோட்டில், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கும் காலேஜில் வேலை கிடைத்தது. கடலே தெரியாத இடம். அந்தோனியார் என் வயிற்றை நினைத்துத்தான் அங்கே அனுப்பினார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பிப்பெட் கழுவுவது, ஓவனில் கண்ணாடிச் சாமான்களைக் காய வைப்பது, சிலிண்டர் மாற்றுவது, கரண்ட் போனால் ஓடிப் போய் ஜெனரேட்டர் போடுவது. இதுதான் வேலை. எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய மெஷினை ஆன் செய்யும்போது நூருல் பிஸ்மில்லா சொல்வாள். பேராசிரியர் வேலுச்சாமி சார் "முருகா" என்பார். நான் சிலுவை போட்டுக்கொள்வேன். மூன்றும் முடிந்தபிறகு மெஷின் டிரிப் ஆகும். மறுபடி மூன்றும் சொல்லி ஆன் செய்வோம். இரண்டாம் தடவை அணையாமல் ஓடும்.

3. காத்துக் கிடக்கும் வெளிச்சம்

நூருல் பெரியபட்டினத்துப் பிள்ளை. தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவள் செய்தது ஒரு வெள்ளைப் பொடி. உப்பு மாதிரி இருக்கும். இருட்டில் வைத்து அதன்மேல் யூவி டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். முதல் தடவை பார்த்தபோது நான் முழங்கால் போட்டுவிட்டேன். அவள் பதறிப்போய், "அண்ணே, எந்திரிங்க, இது கெமிஸ்ட்ரி" என்றாள்.

பிறகு ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினாள்.

"இந்தப் பொடிக்குள்ள செம்பு இருக்குண்ணே. அதச் சுத்தி வேற பொருளெல்லாம் கை கோத்து நிக்கும். வெளிச்சம் பட்டதும் உள்ள ஒரு எலெக்ட்ரான் மேல ஏறும். மேல ரெண்டு படி இருக்கு. உசந்த படி சிங்லெட். அதுக்குக் கொஞ்சம் கீழ டிரிப்லெட். சிங்லெட்ல இருந்து சட்டுனு எறங்கிரலாம். எறங்கும்போது பச்ச வெளிச்சம் வரும். டிரிப்லெட்ல இருந்து எறங்க அனுமதி கெடையாது."

"யாரு அனுமதி குடுக்கணும்?"

"அது இயற்கையோட சட்டம்ணே. ஆனா செம்பு மாதிரி ஒரு உலோகம் கூட இருந்தா சட்டம் கொஞ்சம் இளகும். ரொம்ப நேரம் காத்துக் கெடந்து மெதுவா எறங்கும். அப்ப மஞ்ச வெளிச்சம்."

"ரொம்ப நேரம்னா?"

"நொடில ஆயிரத்துல ஒரு பங்கு."

"அது ரொம்ப நேரமா?"

"அதுக்கு அது ரொம்ப நேரம்ணே."

அவளுடைய ஆராய்ச்சியே அடுத்துச் சொன்னதில்தான் இருந்தது. சாதாரணச் சூட்டில், டிரிப்லெட்டில் மாட்டிக் கிடப்பதை அந்தச் சூடே ஒரு தள்ளு தள்ளும். அது திரும்பச் சிங்லெட்டுக்கு ஏறி, அங்கிருந்து பச்சையாக இறங்கிவிடும். கடும் குளிரில் தள்ள ஆள் கிடையாது. கிடந்த இடத்திலேயே கிடந்து மஞ்சளாக இறங்கும். ஒரே பொடி, வெக்கையில் பச்சை, குளிரில் மஞ்சள்.

எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. டிரிப்லெட் என்பது உத்தரிக்கிற ஸ்தலம். மோட்சத்துக்கும் போக முடியாமல், பூமிக்கும் வர முடியாமல் ஆத்துமாக்கள் காத்துக் கிடக்கிற இடம். ஆனால் அங்கிருந்து திரும்ப மேலே ஏறி, பிறகு பூமிக்கு இறங்குவது என்பதுதான் இடித்தது. பங்குச் சாமியாரிடமே கேட்டேன்.

"யாரு ஒனக்கு இதச் சொன்னது?" என்றார்.

"பெரியபட்டினத்து முஸ்லிம் பிள்ள ஒண்ணு, சாமி."

சாமியார் என் தோளில் கை வைத்தார். "லேப் விஷயத்த லேபோட வச்சுக்க, சந்தியாகு."

நூருலிடம் சொன்னபோது அவளும், "அப்படி இல்லண்ணே, இதுல பாவமெல்லாம் கெடையாது" என்றாள். இருந்தாலும் திங்கட்கிழமைகளில் உத்தரிக்கும் ஆத்துமாக்களுக்காகச் செபமாலை சொல்லும்போது, அவளுடைய பொடிக்காகவும் ஒரு பத்து மணிகளை ஒதுக்கிக்கொண்டேன். காத்துக் கிடப்பது எதுவானாலும் காத்துக் கிடப்பதுதானே.

4. ஆற வைத்த நைட்ரஜன்

நூருலுக்குக் கொடுத்த காலம் முடிந்து, நீட்டிப்பும் வாங்கி, அதுவும் முடியப் போகிற சமயம். சென்னையிலிருந்து கமிட்டிக்கு வரும் எக்ஸ்பெர்ட் சார் கையெழுத்துப் போட்டால் தீசிஸ் எழுதலாம். போடாவிட்டால் அவளுடைய பதிவு ரத்து. ஆறு வருடமும் போச்சு. போன தடவை வந்தபோது அவர் மடக்கியிருந்தார்.

"பச்சை ஒரு கலர், மஞ்சள் ஒரு கலர். ரெண்டு பொருள் கலந்து கிடந்தாலும் இப்படித்தான் தெரியும். ஒரே பொருள்தான் ஏறி இறங்குதுன்னு எதை வச்சு சொல்றீங்க? குளிர்ல வச்சு என் கண் முன்னாடி காட்டுங்க. லைஃப்டைமும் எடுத்துக் காட்டுங்க."

லைஃப்டைம் என்பது வெளிச்சம் அணைய எடுக்கும் நேரம். அதற்கென்று ஒரு மெஷின் எங்களிடம் இருந்தது. இல்லாதது திரவ நைட்ரஜன். எப்போதுமே மதுரையிலிருந்துதான் வர வேண்டும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். விரலை விட்டால் விரல் போய்விடும். அவ்வளவு குளிர். சும்மா வைத்தாலே புகைந்து புகைந்து காற்றோடு போய்விடும்.

அவர் வருகிற அன்று விடிகாலையில் காலேஜ் ஜீப் மதுரைக்குப் போய், எங்கள் டிவாரில் நைட்ரஜன் நிரப்பிக்கொண்டு திரும்பியது. டிவார் என்றால் அகல வாய் வைத்த பெரிய பிளாஸ்க். டிரைவர் புதியவர், ரொம்பப் பொறுப்பானவர். இறங்கும்போதே முகம் வேர்த்திருந்தது.

"வழியில புகைய ஆரம்பிச்சிருச்சுண்ணே. மானாமதுரை தாண்டுனதும் நல்லாப் புகைஞ்சுச்சு. ரேடியேட்டர் மாதிரி சூடாயிருச்சுன்னு வண்டிய ஓரங்கட்டி மூடியத் தெறந்தேன்."

"தெறந்து?"

"ஒரு கொடம் தண்ணி ஊத்துனேன். பயங்கரமாச் சீறுச்சு. பெறகு ஆறிருச்சு."

டிவாரைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு பாளம் ஐஸ் இருந்தது. சார், "முருகா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எக்ஸ்பெர்ட்டின் ரயில் அதற்குள் ராமநாதபுரம் வந்திருந்தது.

சார்தான் யோசித்தார். அவருடைய மச்சினன் பாண்டி கால்நடை ஆய்வாளர். ஊர் ஊராகப் போய் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர். அந்தக் குச்சிகளும் திரவ நைட்ரஜனில்தான் கிடக்கும். போன் போட்டார். ஸ்பீக்கரில் பேச்சு கேட்டது.

"மாப்ள, ஒரு செம்பு நைட்ரஜன் வேணும். அவசரம்."

"மச்சான், நாங்க அதக் குடிக்கவா வச்சுருக்கோம்? அடியில ஒரு சாண்தான் கெடக்கு. ரொப்புற வண்டி அடுத்த வாரந்தான் வரும். அது வத்துனா அத்தன குச்சியும் செத்துரும்."

"எடுக்க வேணாம். கேனைக் கொண்டுவா. உள்ள ஒரு குழாயத் தொங்க விட்டு எடுத்துக்கிறோம்."

"இன்னைக்கு ஒரு மாட்டுக்குப் போடணுமே."

"போட்டுக்கலாம் மாப்ள. கேனோட வா மொதல்ல."

பாண்டி அந்த மாட்டுக்காரருக்குப் போன் போட்டு, தான் காலேஜில் இருப்பதாகவும் வேலை முடிந்து வருவதாகவும் சொல்லியிருக்கிறார். அங்கே மாடு கத்திக்கொண்டிருந்ததால், காலேஜில் இருக்கிறார் என்பது வரைதான் ராக்கம்மா காதில் விழுந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டார்.

5. நரம்பு

நான் ஐஸைத் தட்டி எடுத்து, ஹேர் டிரையர் போட்டு டிவாரைக் காய வைத்துக்கொண்டிருந்தபோது பாண்டி கேனோடு வந்தார். பின்னாலேயே எக்ஸ்பெர்ட் சாரும் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, பளபளவென்று ஷூ. கேனைப் பார்த்தார்.

"இது என்ன சார், பால் கேனா?"

"லிக்விட் நைட்ரஜன் சார்" என்றார் வேலுச்சாமி சார். அதில் பொய் இல்லை.

பாண்டிக்கு மறைக்கத் தெரியாது. "சினை ஊசிக் கேன் சார். இதுல ஜெர்சி, இதுல சிந்தி. கலந்துராமப் பாத்துக்கங்க."

எக்ஸ்பெர்ட் சார் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

பொடியை நூருல் ஏற்கெனவே ஒரு குவார்ட்ஸ் குழாயில் போட்டு, வாயை உருக்கி அடைத்து வைத்திருந்தாள். நல்ல படிகம் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. மீண்டும் செய்ய மாதக் கணக்காகும். அதைச் செப்புக் கம்பியில் கட்டி இறக்கப் போனாள். பாண்டி கையை நீட்டித் தடுத்தார்.

"கம்பி ஆகாதும்மா. ஒரசுனா குச்சி ஒடிஞ்சுரும். நூல் ஏதாச்சும் கட்டு."

பருத்தி நூல் அறுந்துவிடும் என்று சார் சொன்னார். அன்றைக்கு என் பையில் தம்பிக்காக வாங்கிய தூண்டில் நரம்பு இருந்தது. நல்ல கெட்டி நைலான். விளைமீன் என்ன, பாறை மீனே மாட்டினாலும் அறாது. எல்லாரும் இழுத்துப் பார்த்தார்கள். எக்ஸ்பெர்ட் சாரும் இழுத்துப் பார்த்துத் தலையசைத்தார். நான் சுருக்குப் போட்டுக் குழாயைக் கட்டினேன். நூருல் பிஸ்மில்லா சொன்னாள், சார் முருகா சொன்னார், நான் சிலுவை போட்டேன். குழாய் இறங்கியது. கேனுக்குள் கொதிக்கிற சத்தம் வந்து அடங்கியது.

"இப்ப தூக்குங்கண்ணே. கழுத்து வரைக்கும் போதும். சார் டார்ச் அடிச்சுப் பாக்கட்டும்."

தூக்கினேன். கேன் வாயில் நரம்பு வளைந்த இடத்தில் காய்ந்த குச்சி மாதிரி படக்கென்று ஒடிந்தது. கீழே "டங்" என்று ஒரு சத்தம்.

கடலில் கிடக்கும் எந்த மீனும் நரம்பை அந்தக் குளிருக்குக் கொண்டுபோனதில்லை. அது ஒடியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாண்டி சொன்னார், "மச்சான், அக்கா கல்யாணத்தன்னைக்கே அய்யா சொன்னாரு. மாப்பிள்ளை ரொம்பப் படிச்சவரு, சாக்கிரதன்னு."

இடுக்கியை விட்டுத் துழாவினோம். வாய் சின்னது, உள்ளே ஒரே புகை. குச்சிகள் இருக்கும் டப்பாக்களுக்கு அடியில் குழாய் படுத்துக்கொண்டது. எக்ஸ்பெர்ட் சார் கடிகாரத்தைப் பார்த்தார். நூருல் கேன் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. அந்த நேரத்தில்தான் வெளியே மாடு கத்தியது.

6. புகைக்குள் நின்றவர்கள்

நான் உள்ளே வந்து சொன்னேன். "சார், மாடு வந்துருக்கு."

"எந்த மாடு?"

"ஊசிக்கு."

அதற்குள் ராக்கம்மா கதவுக்கே வந்துவிட்டார். "ஏந் தம்பி பாண்டி, ஒன்னய நம்பி ரெண்டு பருவம் தவறிப் போச்சு. இதுவும் போச்சுன்னா மாட்ட அடிமாட்டுக்குத்தான் குடுக்கணும். இங்கன நின்னு என்ன கெணத்தயா எட்டிப் பாக்குறீங்க?"

"அத்த, செத்த பொறு. இந்தப் பிள்ளையோட சாமான் கேனுக்குள்ள விழுந்துருச்சு. கேனக் கவுக்காம எடுக்க முடியாது. கவுத்தா ஒன் மாட்டுக்கு ஊசி இல்ல."

ராக்கம்மா நூருலைப் பார்த்தார். "என்ன தாயி, தங்கமா?"

"செம்பும்மா."

"செம்புக்கா இம்புட்டு?"

"எனக்கு அதுதாம்மா எல்லாம்" என்று நூருல் சொன்னாள்.

ராக்கம்மா லேபைச் சுற்றிப் பார்த்தார். நான் காய வைத்த டிவார் மேஜையில் இருந்தது. "அங்கன ஒரு அண்டா இருக்குல்ல. இதுல இருக்குறத அதுல ஊத்திட்டு எடுக்க வேண்டியதான. எங்க வீட்டுல பால் பாத்திரத்துல கரண்டி விழுந்தா நாங்க காலேஜுக்கா வாரோம்?"

எல்லாரும் அந்த டிவாரைத் திரும்பிப் பார்த்தோம்.

ஊற்றுவதை அறைக்குள் வைத்துச் செய்யக்கூடாது, காற்றை அடைத்து மூச்சு முட்டும் என்று நூருல் சொன்னாள். கேனையும் டிவாரையும் வராந்தாவுக்குத் தூக்கினோம். மாடு அங்கேதான் தூணில் கட்டியிருந்தது. கையுறை போட்டுக்கொண்டு சாரும் பாண்டியும் கேனைச் சாய்த்தார்கள். முதலில் பாதியை ஊற்றினார்கள். டிவார் சீறி, குளிர்ந்து, அடங்கியது. பாண்டி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு டிவாருக்கு மாற்றினார். பிறகு மீதியை ஊற்றினார்கள். வெள்ளைப் புகை தரையோடு பரவி எங்கள் முழங்கால் வரை ஏறியது. மாட்டுக்குக் கால் தெரியவில்லை. அது கத்துவதை நிறுத்திவிட்டுக் குனிந்து புகையை நக்கிப் பார்த்தது.

எதிர்க் கட்டிடத்தில் யாரோ பார்த்துவிட்டு மணி அடித்தார்கள். மாணவர்கள் எல்லாரும் தீ விபத்துக்கு ஓடுகிற மாதிரி மைதானத்துக்கு ஓடினார்கள். பிரின்சிபால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சந்தியாகு, என்னய்யா எரியுது?"

"எரியல சார். குளுருது."

"அந்த மாடு?"

"அது வேற வேலைக்கு வந்துருக்கு சார்."

கடைசிச் சொட்டோடு குழாய் வழுக்கி வந்து டிவார் விளிம்பில் தட்டி நின்றது. நூருல் இடுக்கியால் பிடித்துவிட்டாள். உடையவில்லை.

வெயிலில் அந்த வெளிச்சம் தெரியாது. டார்க் ரூம் கறுப்புத் துணியை எக்ஸ்பெர்ட் சார் தலையில் போர்த்தினேன். அவர் துணிக்குள் குழாயை இடுக்கியால் பிடித்து டார்ச் அடித்தார். வெளியில் அவருடைய இடுப்புக்குக் கீழ்தான் தெரிந்தது, ஷூ புகைக்குள்.

"மஞ்சள்" என்றது துணி. குழாய் மெல்லச் சூடேறியது. "ஓரத்துல பச்சை வருது. அதே படிகம். அதே படிகத்துல நகருது." இன்னும் கொஞ்சம் கழித்து, "முழுக்கப் பச்சை. நைட்ரஜனைக் குடுங்க."

துணியோடு கையை நீட்டிக் குழாயை டிவாரில் முக்கினார். மறுபடி துணிக்குள் போனார். "மஞ்சள்." மறுபடி முக்கினார். மறுபடி "மஞ்சள்." நாங்கள் காத்திருந்தோம். அவர் நிறுத்துவதாகத் தெரியவில்லை.

ராக்கம்மா என் காதருகே வந்தார். "அந்தாளுக்குச் சாமி கீமி வந்துருச்சா?"

மாடுதான் முடிவு செய்தது. துணியின் நுனியை வாயில் கவ்வி இழுத்துவிட்டது. எக்ஸ்பெர்ட் சார் தலை கலைந்து, ஒரு கையில் குழாயோடு, மாட்டுக்கு முகத்துக்கு முகமாக நின்றார். அப்படிச் சிரித்த ஒரு முகத்தை அவரிடம் அதற்கு முன்பு நாங்கள் பார்த்ததில்லை.

7. ஒரு செம்பு

முதலில் மாட்டு வேலை. பாண்டி நைட்ரஜனையும் டப்பாக்களையும் கேனுக்கே திரும்ப மாற்றி, ஒரு குச்சியை வெளியே எடுத்தார். குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் உருக வைக்க வேண்டும். பாண்டி வழக்கமாகக் கொண்டுவரும் வெந்நீர் பிளாஸ்க்கை மறந்துவிட்டார். எங்கள் வாட்டர் பாத்தைச் சரியான சூட்டில் வைத்துக் கொடுத்தேன். நேரம் பார்த்துச் சொன்னது எக்ஸ்பெர்ட் சார். சைக்கிள் ஸ்டாண்ட் பக்கமாகக் கூட்டிப்போய் ஊசி போட்டார்கள். ராக்கம்மா மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே குலசாமியைக் கும்பிட்டார். நானும் அந்தோனியாரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர், வராததையும் தரட்டும் என்று.

திரும்பி வந்து எக்ஸ்பெர்ட் சார் சட்டையைச் சரிசெய்துகொண்டார். பழைய முகம் வந்துவிட்டது.

"நூருல், பார்த்தது நல்லா இருந்தது. ஆனா பார்த்ததை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. லைஃப்டைம் வேணும். ரெண்டு பொருளா இருந்தா கோடு ரெண்டா உடையும். ஒண்ணுதான்னா, குளிர் குறையக் குறைய ஒரே கோடா இறங்கி வரணும்."

அதற்கு மெஷினுக்குள் இருக்கும் சின்னப் பாத்திரத்தில் ஒரு செம்பு நைட்ரஜன் ஊற்ற வேண்டும். நூருல் பாண்டியைப் பார்த்தாள். பாண்டி அளவுக் குச்சியை விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாத்துனதுலயே பாதி போச்சும்மா. அடுத்த வாரம் வரைக்கும் இது தாங்கணும். அத்தன ஊருக்கும் நான் பதில் சொல்லணும். என்னால ஆகாது."

வேலுச்சாமி சார் தரையைப் பார்த்தார். மச்சினனிடம் இதற்குமேல் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. எக்ஸ்பெர்ட் சார் பையை எடுத்தார்.

ராக்கம்மா கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். "ஏந் தம்பி, எம் மாட்டுக்கு எத்தன குச்சி வச்சுருந்த?"

"ஒண்ணுதான் அத்த. நிக்கலன்னா அடுத்த பருவத்துக்கு ஒண்ணு."

"அந்த அடுத்தது எனக்கு வேணாம். வேற எது எது கெடக்கு அதுல?"

"சிந்தி இருக்கு. அத இந்தப் பக்கம் யாரும் கேக்குறதில்ல. சும்மாதான் கெடக்கு."

"பெறகென்ன. கேக்காத டப்பாவயும் எனக்குள்ளதயும் வெளிய எடு. டப்பா கொறஞ்சா கேனுல அந்தச் சாறு கொஞ்சமாப் போதும்ல. மிச்சத்த அந்தப் பிள்ளைக்கு ஊத்து. ஆறு வருசம் காத்துக் கெடந்துருக்கு. எம் மாடு ரெண்டு பருவத்துக்கே என்னய அந்தப் பாடு படுத்துச்சு."

டப்பா குறைந்தால் நைட்ரஜன் குறைவாகப் போதும் என்பது சரியான கணக்கே இல்லை. பாண்டிக்கும் அது தெரியும், நூருலுக்கும் தெரியும். இருவரும் வாய் திறக்கவில்லை. பாண்டி தன் மச்சானைப் பார்த்தார். பிறகு, "செம்பக் கொண்டா" என்றார். எந்த டப்பாவையும் வெளியே எடுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே அவர் பைக்கில் சிவகங்கை வரைக்கும் கேனைக் கட்டிக்கொண்டு போய், தெரிந்தவரிடம் கெஞ்சி நிரப்பிக்கொண்டு வந்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

மெஷின் ஆன் செய்தோம். மூன்று சாமியையும் கூப்பிட்டோம். அன்றைக்கு முதல் தடவையே அணையாமல் ஓடியது. திரையில் ஒரு கோடு மெதுவாக, சோம்பேறித்தனமாகச் சரிந்தது. நைட்ரஜன் வற்ற வற்ற மறுபடி மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் கோடு இன்னும் செங்குத்தாக இறங்கியது. எங்கேயும் உடையவில்லை. எனக்குக் கோடு புரியாது. எக்ஸ்பெர்ட் சார் பையைத் திரும்பக் கீழே வைத்ததைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

கையெழுத்துப் போடும்போது அவர் ஒன்று சொன்னார். "தீசிஸ்ல நைட்ரஜன் எங்கிருந்து வந்ததுன்னு எழுதணும். உள்ளபடி எழுதுங்க."

"கம்பெனி பேரு போட்டுக்கலாமே சார்" என்றார் வேலுச்சாமி சார், கொஞ்சம் கூச்சத்தோடு.

"மாடு சாட்சியா நின்னுச்சு சார். உள்ளபடியே எழுதட்டும்."

8. பொதுமக்கள் கேள்வி

பாடம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது இதுதான். லேபில் எதையும் ஒன்றுக்குள் இறக்குவதற்கு முன்னால், அது திரும்ப எப்படி மேலே வரும் என்று கேளுங்கள். நைலான் நரம்பை நைட்ரஜனில் விடாதீர்கள். புகைகிறது எல்லாம் சூடு இல்லை என்று டிரைவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். இடைஞ்சலாக வாசலில் வந்து நிற்கிறவரை உள்ளே விடுங்கள். ஆண்டவர் யாரை எதற்கு அனுப்புகிறார் என்பது அனுப்பும்போது தெரிவதில்லை.

அடுத்த வருடம் நூருலுக்கு டாக்டர் பட்டத்துக்கான வைவா நடந்தது. அதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது விதி. எங்கள் காலேஜில் அப்படி யாரும் வந்ததில்லை. அன்றைக்குக் கடைசி வரிசையில் ராக்கம்மா உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை, தலையில் பூ. அவருக்குப் பக்கத்தில் நூருலின் வாப்பா, தொப்பியைச் சரிசெய்தபடி. மாடு நிறை சினையாக இருக்கிறது என்று ராக்கம்மா அவரிடம் சொல்ல, அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நூருல் சிங்லெட், டிரிப்லெட் எல்லாம் படம் போட்டுச் சொன்னாள். எக்ஸாமினர்கள் கேட்டார்கள், பதில் சொன்னாள். முடிக்கும்போது, வழக்கத்துக்காக, "பொதுமக்கள்ல யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் பேப்பரை அடுக்கினார்.

ராக்கம்மா எழுந்தார். "எனக்கு ஒண்ணு இருக்கு."

ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏந் தாயி, அன்னைக்கு ஒங் குழாயும் எம் மாட்டோட குச்சியும் ஒரே கேன்லதான் கெடந்துச்சு. கன்னுக்கு ஒண்ணும் ஆயிராதே?"

யாரோ சிரித்தார்கள். நூருல் சிரிக்கவில்லை. மற்ற கேள்விகளுக்கு நின்ற மாதிரியே நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள்.

"ஆகாதும்மா. குழாய் வாயை உருக்கி மூடியிருந்தேன். வெளிய எடுத்ததும் எடை போட்டுப் பாத்தேன், துளிகூடக் குறையல. வெளிச்சமும் டார்ச் அடிக்கிற வரைக்குந்தான். அணைச்சா, மேல ஏறுன எல்லாம் நீங்க கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள எறங்கி வந்துரும். எதுவும் அங்கன தங்கிப் போகாது."

கேட்ட கேள்வியையும் கேட்டவர் பெயரையும் எழுதிக்கொள்வது முறை. எக்ஸாமினர் எழுதிக்கொண்டு தலையைத் தூக்கினார். "பதில் உங்களுக்குத் திருப்தியாம்மா?"

ராக்கம்மா கொஞ்சம் யோசித்தார். ஹால் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பிள்ள தெளிவாத்தான் சொல்லுது" என்றார். "குடுத்துருங்க."